அம்மாவின் குரலுக்கு ஒரு வயோலா

லண்டனில் எங்கள் வீடு இல்ஃபோர்டில். வேலைக்குப் போக லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். வெளியே பெட்டிகளோடு நிற்கும் வெண்கலப் பிள்ளைகளை வந்த புதிதில் தினமும் கடந்து போயிருக்கிறேன். யாரென்று விசாரிக்க அப்போது நேரம் இருக்கவில்லை. வாடகை, விசா, குளிர் என்று வேறு கவலைகள்.

அவர்கள் 1938 டிசம்பர் முதல் 1939இல் போர் தொடங்கும்வரை நாஜிகளிடமிருந்து பிரிட்டனுக்குத் தப்பவைக்கப்பட்ட பிள்ளைகள். சுமார் 10,000 பேர், பெரும்பாலும் யூதர்கள். பெற்றோர் கூட வரவில்லை. சிலையைச் செய்த ஃபிராங்க் மைஸ்லரும் அப்படி வந்தவர்தான். வியன்னாவிலிருந்து வந்த பீட்டர் ஷிட்லோஃப் பிற்பாடு அமடேயஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் நரம்பிசைக் குழுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்கும் கலைஞரானார்.

இதெல்லாம் மகள் சொல்லித்தான் தெரியும். அவளும் வயோலா படிக்கிறாள். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1988இல் எழுதிய 'டிஃபரன்ட் டிரெயின்ஸ்' என்ற நரம்பிசைப் படைப்பை எனக்குப் போட்டுக் காட்டியதும் அவள்தான். ரைக்கின் பெற்றோர் பிரிந்தவர்கள். 1939 முதல் 1942 வரை, பராமரித்த பெண்மணியோடு நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே ரயிலில் போய்வந்த சிறுவன் அவர். அதே காலத்தில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், யூதனான தான் ஏறியிருக்கக்கூடிய ரயில் எதுவென்று பின்னாளில் யோசித்தார். நாஜிகளின் யூத இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்து அமெரிக்காவில் குடியேறியவர்களின் ஒலிப்பதிவுகளைத் தேடினார். அவர்கள் பேசும்போது குரல் ஏறி இறங்கும் விதத்தை அப்படியே சுரமாக்கினார். பெண் பேசினால் வயோலா, ஆண் பேசினால் செல்லோ. அடியில் ரயிலின் ஓட்டம் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். இரண்டாம் பகுதியில் சைரன் ஒலி எழுந்தபோது நான் எழும்பி யன்னலடிக்குப் போய்விட்டேன். இதைவிட உண்மையாகப் போரைச் சொன்ன இசையை நான் கேட்டதில்லை.

அப்புறம் மகளுக்கு ஒரு யோசனை. அம்மம்மாவைப் பேசவைத்து கைபேசியில் பதிந்தாள். 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்தின் வலிகாமமே போரில் இடம்பெயர்ந்த மழையில், என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னதை அம்மா மறுபடி சொன்னாள்: "கையை விடாத பிள்ளை, கையை விடாத."

அந்த ஒரு வரியைப் பல நாள் போட்டுக் கேட்டு, சுரம் பிடித்தாள். முதல் 'விடாத' கீழே இறங்குகிறதாம். இரண்டாவது மேலே போய் நிற்கிறதாம். எனக்கு அது தெரியாது. ஆனால் அவள் வாசித்தபோது சொல் எதுவும் இல்லாமலே அது அம்மாதான் என்று தெரிந்தது. நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் இருட்டில் நான் பிடித்துக்கொண்டு நடந்தது அந்தக் குரலைத்தான்.

ரைக்கைக் கேட்டுப் பழகியதால் மகள் அதை ரயில் வேகத்தில் வாசித்தாள். எங்களுக்கு ரயில் ஏது? யாழ்தேவி 1990இலேயே நின்றுபோயிருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சொன்னாள்: "ஏன் பிள்ளை இவ்வளவு கெதியா? அண்டைக்குக் காலெடுத்து வைக்கவே இடமில்லை. மெல்ல வாசி."