கேட்டுப் போய்ச் செய்துகொண்ட ஆண் கருத்தடை

எங்களுக்கு இரண்டு குழந்தைகள்; இரண்டுமே சிசேரியன். இரண்டாவது குறைமாதப் பிரசவம். சிசேரியனோடு சேர்த்துக் கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷனையும் முடித்துவிடுவதுதான் இங்கே வழக்கம் என்றாலும், குழந்தை தேறட்டும் என்று மருத்துவரே அதைத் தள்ளிவைத்துவிட்டார். குழந்தை ஒரு வயதைத் தாண்டி நடக்கத் தொடங்கியதும் கிராம சுகாதார செவிலியர் அதை நினைவூட்ட வீட்டுக்கு வரலானார். "எப்பங்க வர்றீங்க?" என்று அவர் கேட்டதெல்லாம் என் மனைவியிடம்தான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என்னிடம் ஒருமுறைகூட இல்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் 57.8 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்ட குடும்பங்களோ வெறும் 0.1 சதவீதம். ஆயிரம் வீட்டுக்கு ஒரு வீடு என்றால், யாரிடம் கேட்க வேண்டும் என்பது அவருக்குப் பழகிப்போயிருக்கும்.

ஏற்கெனவே இரண்டு முறை வயிற்றைக் கிழித்துத் தைத்தவளை மூன்றாவது முறையும் மேசையில் படுக்கவைக்க எனக்கு மனமில்லை. நான் செய்துகொள்கிறேன் என்றதும் மனைவி உடனே ஒப்புக்கொண்டாள். எதிர்ப்பு பெரியவர்களிடமிருந்துதான் வந்தது. "மாப்பிள்ளைக்கு எதுக்குங்க அதெல்லாம், என் பிள்ளைக்கே பண்ணிடலாமுங்க" என்றார் மாமியார். பாரம் தூக்க முடியாமல் போய்விடும் என்று என் அம்மா அஞ்சினார். அவருக்கு என் பெரியப்பாவை நினைவூட்டினேன். பெரியப்பா 1970களின் தொடக்கத்தில் ஒரு முகாமில் செய்துகொண்டு, அதன் பிறகும் எழுபது வயது வரை நெல் மூட்டை சுமந்தவர். அந்தக் காலத்தில் நாடு முழுவதும் ஆண்களுக்குத்தான் இந்த அறுவை பெருமளவில் நடந்தது. கேரளத்தின் எர்ணாகுளத்தில் 1971இல் ஒரே மாதத்தில் அறுபதாயிரத்துக்கும் அதிகமான ஆண்கள் செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயப்படுத்தி ஆட்களைப் பிடித்துச் சென்ற பிறகுதான், அரசாங்கமும் ஆண்களும் ஒருசேர இதைக் கைவிட்டார்கள். அதன் சுமை முழுவதும் பெண்கள்மீது இறங்கிவிட்டது என்பது என் கருத்து.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் செய்யும் மருத்துவர் இல்லை. செவிலியர் மாவட்டக் குடும்ப நலத் துணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்து, அரசு மருத்துவமனையில் எந்த நாளில் செய்கிறார்கள் என்று சொன்னார். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை நடக்கும் ஆண் கருத்தடை இருவார விழாவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மற்ற நாள்களிலும் செய்கிறார்கள். மருத்துவமனையில் எதிர்ப்பட்ட ஊழியரிடம் கு.க. என்று சொன்னதும் என்னைப் பிரசவ வார்டுக்கு அனுப்பினார். எனக்குத்தான் என்று விளக்கிய பிறகே சரியான அறை கிடைத்தது.

படிவத்தில் மனைவியின் கையெழுத்து கட்டாயமில்லை. திருமணமானவராகவும் அறுபது வயதுக்குட்பட்டவராகவும் இருக்க வேண்டும், ஒரு வயதைக் கடந்த குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும், மனைவி ஏற்கெனவே கு.க. செய்திருக்கக் கூடாது என்பவையே முக்கிய நிபந்தனைகள். ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். பிறகு மருத்துவர் தனியே உட்காரவைத்து, இதை நிரந்தரமானது என்றே எண்ணிக்கொள்ள வேண்டும், மறுபடி இணைக்கும் அறுவை உண்டென்றாலும் குழந்தை பிறக்கும் என்பதற்கு உறுதி கிடையாது என்று நிதானமாகச் சொன்னார்.

இப்போது செய்வது கத்தியில்லா முறை. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 1974இல் லி ஷுன்சியாங் என்ற மருத்துவர் உருவாக்கியது. விதைப்பையின் தோலுக்கு மேலேயே விரல்களால் விந்துக் குழாயைத் தடவிப் பிடித்து, மரத்துப்போகும் ஊசி போடுகிறார்கள். எனக்கு உண்மையில் வலித்தது அந்த ஊசி மட்டுமே. பிறகு கூர்முனை கொண்ட இடுக்கியால் தோலில் ஒரு சிறு துளை போட்டு, குழாயை வளையமாக வெளியே எடுத்து, ஒரு துண்டை வெட்டி நீக்கி, முனைகளைக் கட்டி உள்ளே விடுகிறார்கள். அதே துளை வழியாக மறுபக்கக் குழாய்க்கும் அப்படியே. குழாயை இழுக்கும்போது அடிவயிற்றில் பாரமாக ஒரு பிடிப்பு ஏற்பட்டது. அதை வலி என்று சொல்ல மாட்டேன். தையல் கிடையாது, ஒரு சிறு கட்டு மட்டும். நான் மருத்துவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. ஆண்மை குறையுமா என்று நான் கேட்கும் முன்பே, ஆண்மைச் சுரப்பு ரத்தத்தில்தான் கலக்கிறது, இந்தக் குழாய் வழியாகச் செல்வதில்லை என்றார் அவர். விந்துத் திரவத்தில் மிகப் பெரும் பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவதால் அளவிலும் வேறுபாடு தெரியாது, எனக்கும் தெரியவில்லை.

சற்று நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். இறுக்கமான உள்ளாடை, இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரத்துக்கு சைக்கிளும் பளு தூக்குவதும் கூடாது. லேசான வீக்கம் இருந்து தானாக வடிந்தது. ஊக்கத்தொகை 1,100 ரூபாய் பிறகு வங்கிக் கணக்கில் வந்தது.

அறுவை நடந்த அன்றே காரியம் முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கே பாதிதான் முடிகிறது. வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே தங்கியிருக்கும் உயிரணுக்கள் வெளியேற மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். அதையும் செவிலியரே இலவசமாகக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று தெரிந்தால்தான் சான்றிதழ். இதற்கும் நாமேதான் கேட்டுப் போக வேண்டும். எனக்கு அறுவையை விடச் சங்கடமாக இருந்தது இதுதான். லேப் வாசலில் கூட்டத்தின் நடுவே சிறு குப்பியை வாங்கிக்கொண்டு, கழிப்பறை எங்கே என்று கேட்டு, திரும்பி வந்து அதே ஜன்னலில் நீட்ட வேண்டும். இந்தக் கூச்சத்தால்தான் பலர் பரிசோதனைக்கு வராமலே இருந்துவிடுகிறார்கள் என்று லேப் ஊழியர் அலுத்துக்கொண்டார். பின்னர் மனைவி கருத்தரித்தால் வீண் சந்தேகமும் சண்டையும் முளைப்பது இங்கிருந்துதான் என்று நினைக்கிறேன். எனக்கு முதல் பரிசோதனையிலேயே உயிரணு இல்லை என்று வந்தது. மீதம் இருப்பதாகத் தெரிந்தவர்களை அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்கிறார்கள்.

சான்றிதழின் நகலை ஊர் செவிலியரிடம் கொடுத்ததும், குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதியரைக் குறித்துவைக்கும் 'தகுதியுள்ள தம்பதியர்' பதிவேட்டில் எங்கள் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டார். அசலை ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அறுவை பலிக்காமல் போவது மிக அரிது. அப்படி நேர்ந்தால் அரசு இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்க அந்தத் தாள் வேண்டும்.