ஹீப்ரு பேசத் தெரிஞ்சா ஹீப்ரு டீச்சர் ஆகிடலாமா?

தாய்மொழிய சொல்லித்தர எதுக்கு ட்ரெயினிங்னு யாராவது கேட்டா நான் ஹீப்ரு பேசுற இஸ்ரேல் பக்கம்தான் கை காட்டுவேன். 1948 மே மாசம் அந்த நாடு உருவானதுலேர்ந்து 1951 முடியறதுக்குள்ள கிட்டத்தட்ட ஏழு லட்சம் யூதர்கள் அங்க வந்து எறங்குனாங்க, போலந்து, ருமேனியா, ஈராக், ஏமன்னு எங்கெங்கிருந்தோ, ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குப் புரியாது. இந்த நெலமையிலதான் 1949ல ஜெருசலேம்ல உல்பான் எட்சியோன் ஆரம்பிச்சாங்க, அதுக்கு வழி போட்டவர் மொர்தெகாய் கம்ராத்ங்கிற கல்வியாளர். உல்பான்னா குடியேறி வந்த பெரியவங்களுக்கான முழுநேர ஹீப்ரு வகுப்பு, முதல் நாள்லேர்ந்தே ஹீப்ருவுலதான் எல்லாம். முகாம்கள்லயும் கிராமங்கள்லயும் ராணுவ சேவைக்கு வந்த சின்ன வயசுப் பொண்ணுங்களையே டீச்சரா அனுப்புனாங்க. எவ்ளோ பெரிய பொறுப்பு பாருங்க, அப்பா வயசு ஆளுக்கு அந்தப் பொண்ணு எழுத்து சொல்லித்தரணும்.

ஹீப்ருவோட சிக்கல் என்னன்னா சாதாரணமா எழுதும்போது உயிர் ஒலியப் பெரும்பாலும் எழுத மாட்டாங்க. சாமெக், பே, ரேஷ்னு மூணு எழுத்து இருக்கும், அது சேஃபெரா இருந்தா புத்தகம், சப்பாரா இருந்தா முடி வெட்டுறவர், சிப்பேரா இருந்தா கதை சொன்னான். பொறந்ததுலேர்ந்து பேசுறவங்க இடத்தப் பாத்து சட்டுனு படிச்சிடுவாங்க, எப்படிப் படிச்சீங்கன்னு கேட்டா அவங்களுக்கே சொல்லத் தெரியாது. புதுசா படிக்கறவங்களுக்கு நிக்குத்னு புள்ளி, கோடு போட்டுக் குடுப்பாங்க, அத எப்ப எடுக்கணும், எந்த வார்த்தையில விட்டு வைக்கணும்னு முடிவு பண்றதுதான் டீச்சரோட திறமை, அது பேசத் தெரியறதால மட்டும் வந்துடாது. அப்புறம் ‘நான் படிக்கறேன்’னு சொல்றதுலகூட ஆண் பெண் வித்தியாசம் உண்டு, ஆண் லொமெத், பெண் லொமெதெத். டீச்சர் அம்மா சொல்றத ஆம்பளைங்க அப்படியே திருப்பிச் சொன்னா தப்பாயிடும், இத முன்கூட்டியே யோசிச்சு வச்சுக்கத்தான் பயிற்சி வேணும்.

ஆனா ஒரு தடவ பயிற்சி குடுத்து அனுப்பிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கறத என்னால ஏத்துக்கவே முடியல. 1990கள்ல என்னாச்சுன்னு பாருங்க, ஒரு பக்கம் பழைய சோவியத் நாடுகள்லேர்ந்து இன்ஜினியர், டாக்டர்னு நெறைய பேர் வர்றாங்க, அவங்களுக்கு இலக்கண அட்டவணை போட்டா கடகடன்னு புடிச்சுப்பாங்க. இன்னொரு பக்கம் 1991 மே மாசம் 36 மணி நேரத்துல 14,000 பேருக்கு மேல எத்தியோப்பியாவுலேர்ந்து விமானத்துல வந்தாங்க, அதுல பல பெரியவங்க எந்த மொழியிலயும் எழுதப் படிக்கப் பழகாதவங்க. அவங்களுக்கு அட்டவணை என்ன செய்யும்? பென்சில் புடிக்கறதுலேர்ந்து ஆரம்பிக்கணும், காதால கேட்டே நெறைய கத்துக்க விடணும். இந்த மாதிரி நேரத்துல டீச்சருக்கு வேண்டியது இன்னொரு சர்டிஃபிகேட் இல்ல, அனுபவமுள்ள ஒருத்தர் வகுப்புல பின்னாடி உக்காந்து பாத்துட்டு, அன்னைக்கே கூட உக்காந்து பேசணும், பாடம் தயாரிக்கற நேரத்துக்கும் சம்பளம் குடுக்கணும்.

எனக்கு ரொம்ப மரியாதை இருக்கறது இஸ்ரேல்ல இருக்கற அரபுப் பள்ளிகள்ல ஹீப்ரு சொல்லித்தர்ற அரபு டீச்சர்கள் மேல. அங்க ஹீப்ரு ரெண்டாவது மொழி, அந்த டீச்சர்களும் அத ரெண்டாவது மொழியாத்தான் கத்துக்கிட்டவங்க. அரபியில P சத்தம் கெடையாது, ஹீப்ருவுல P வர்ற எடத்த பையன் B சத்தத்துலதான் சொல்வான், அது அவங்களுக்கு மொதல்லயே தெரியும். வேர்ச்சொல்லுலேர்ந்து வார்த்தை கெளம்பற முறை ரெண்டு மொழிக்கும் பொதுங்கிறதால அத எங்க பயன்படுத்தணும்னும் தெரியும். இவங்கள வெறும் பயிற்சி எடுக்க வர்றவங்களா மட்டும் பாக்காம, மத்த டீச்சர்களுக்குப் பயிற்சி குடுக்கறவங்களாவும் கூப்பிடணும்.