கொப்பு வந்த பிறகுதான் வண்டி

நீலகிரி மலையில் இருக்கும் எங்கள் கேத்தியில் கழுவிய கேரட்டை ராத்திரி ஏற்றினால் விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கியாக வேண்டும். பல வருடங்களாக இந்த பிக்கப் வண்டிதான் என் பிழைப்பு. கீழே இறங்க எங்களுக்கு இருப்பது குன்னூர், பர்லியார் வழி. இல்லாவிட்டால் கோத்தகிரி, குஞ்சப்பனை வழி. மழையில் ஒன்று அடைபட்டால் அத்தனை வண்டியும் மற்றதில் வந்து சேரும்.

2009 நவம்பர் மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ரோடும் மலை ரயில் பாதையும் பல இடங்களில் சரிந்தன. இன்றும் ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்காவது மண் இறங்காமல் இருப்பதில்லை.

விழுந்த மண்ணை ஜேசிபி தள்ளிவிடும். எனக்குப் பயம் அப்புறம்தான். பள்ளத்துப் பக்கம் பிறை மாதிரி விரிசல் விட்டிருந்தால், மேலே தார் நன்றாகத் தெரிந்தாலும் அடியில் மண் பிடிப்பு விட்டுப் போயிருக்கும். லோடு வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. சரிவில் வழியும் தண்ணீர் திடீரென்று கலங்கினால் அங்கே நிற்கவும் கூடாது.

இவற்றைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எதிரே வருகிறவர் காட்டும் சைகை? ஹெட்லைட்டை அடித்தால் 'நான் வருகிறேன், நில்' என்று சிலருக்கு. 'நீ வா' என்று சிலருக்கு. முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் நம்மை முந்தச் சொல்கிறதா, குழிக்கு ஒதுங்கப் போகிறதா? நல்ல ரோட்டில் யோசிக்க நேரம் உண்டு. பாதி ரோடு போன வளைவில், மூடுபனியில், அது இல்லை. மேடேறும் வண்டிக்குத்தான் முதலில் வழி என்பது சட்டம். சமவெளியிலிருந்து வருகிற பலருக்கு அது தெரிவதில்லை.

ஒற்றை வழியாக விடும் இடங்களில் இரண்டு முனையிலும் கொடியோடு ஆள் நிற்பார்கள். நடுவில் வளைவு இருந்தால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. போனிலும் டவர் கிடைக்காது. அதனால் வரிசையின் கடைசி வண்டியிடம் ஒரு மரக்கொப்பைக் கொடுத்தனுப்புவார்கள். அது வந்து சேர்ந்தால் இந்தப் பக்கம் திறக்கலாம். நான் நம்பும் சிக்னல் அதுதான். ஒருமுறை பர்லியாருக்கு மேலே வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் தொல்லை பண்ணினார்கள். கொடி பிடித்திருந்த அக்கா அசையவில்லை. "கொப்பு என் கைக்கு வராம ஒரு வண்டியும் விடமாட்டேனுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்தது, கொப்போடு. முன்கூட்டியே விட்டிருந்தால் அந்த வளைவில் பஸ்ஸை எதிர்கொண்டிருப்போம். கொட்டும் மழையில் நாள் முழுக்க நிற்கிற அவர்களுக்கு ஆளுக்கொரு வாக்கிடாக்கியும் நல்ல மழைக்கோட்டும் கொடுப்பது பெரிய செலவே இல்லை.

போர்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை முடிந்த பிறகும் 'பாதை மூடப்பட்டுள்ளது' என்ற பலகை வாரக்கணக்கில் அங்கேயே நிற்கிறது. நாங்கள் அதைத் தாண்டிப் போய்ப் பழகிவிடுகிறோம். அடுத்த மழையில் அதே பலகை உண்மையாகவே வைக்கப்படும்போது எந்த டிரைவர் நிற்பான்? ரோட்டைத் திறக்கிற அன்றே பலகையையும் எடுத்து லாரியில் போட்டுக்கொண்டு போகச் சொல்லி, வருகிற அதிகாரிகளிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.