ஓரமாக நடந்த அக்காவும் பாதிப் பொறுப்பும்

"மனுதாரர் இரண்டு பக்கமும் பார்க்காமல் திடீரெனச் சாலையின் குறுக்கே வந்ததே விபத்துக்குக் காரணம். ஆகவே பொறுப்பில் பாதி அவரையே சேரும்." விபத்து இழப்பீடு கேட்டு அக்கா போட்ட மனுவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி தாக்கல் செய்த எதிருரையில் இப்படி இருந்தது. அக்கா அன்றைக்குச் சாலையைக் கடக்கவே இல்லை. கடக்கவில்லை என்பதை நிரூபிப்பதிலேயே வழக்கின் பெரும்பகுதி போனது.

திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பால்பண்ணைக்கும் துவாக்குடிக்கும் நடுவே இருப்பவர்களுக்கு இடத்தை விளக்க வேண்டியதில்லை. சர்வீஸ் ரோடு கேட்டுப் பல வருஷமாகப் போராட்டம் நடக்கும் பகுதி. நாலு வழிச் சாலை, இரண்டு பக்கமும் கடைகள், வீடுகள். பல இடங்களில் நடைபாதை என்று எதுவும் கிடையாது. மீடியனில் திரும்பும் இடம் தள்ளி இருப்பதால் டூவீலர்காரர்கள் ஓரமாகவே ராங் சைடில் வருவார்கள். நடப்பவருக்கு மிஞ்சுவது சாலையோர வெள்ளைக் கோட்டுக்கும் கடைப் படிக்கும் நடுவிலுள்ள மண் தரைதான். அதிலும் பாதியில் கடை போர்டும் நிறுத்திய வண்டியும் இருக்கும்.

2022 நவம்பரில் ஒரு நாள் இரவு, தையல் கடையைச் சாத்திவிட்டு அக்கா அந்த மண்ணில்தான் நடந்து வந்தார். பின்னாலிருந்து வந்த 'குட்டியானை' சரக்கு வண்டி இடது பக்கமாக ஒதுங்கி அவரை அடித்தது. எதிரே வந்த வண்டியின் ஹெட்லைட்டில் கண் கூசியது என்று டிரைவர் பிறகு சொன்னார். இடது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. ராடு வைத்தார்கள்.

ஒரு ஆட்டோக்காரர்தான் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அது 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இருந்த ஆஸ்பத்திரி, ஆகவே முதல் 48 மணி நேரச் செலவு அரசுக் கணக்கில் போனது. அப்போது அதன் வரம்பு 1 லட்சம் ரூபாய். வெளியூர்க்காரர், வெளிமாநிலத்துக்காரர் யாரானாலும் உண்டு. நல்ல திட்டம், கையில் காசில்லாத இரவில் அதன் அருமை தெரியும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. விபத்தைப் பார்க்காத அந்த ஆட்டோக்காரரிடம் டியூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்க, அவர் "ரோட்டைக் கிராஸ் பண்ணும்போது" என்று சொல்லிவிட்டார். நல்லெண்ணத்தில் ஒரு ஊகம். அது ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. மறுநாள் காலை மாமா ஸ்டேஷனில் கொடுத்த புகாரில் "சாலையோரம் நடந்து சென்றபோது" என்று இருந்தது. அவரும் நேரில் பார்த்தவர் இல்லை. ஆக ஒரே விபத்துக்கு இரண்டு கதை. இன்சூரன்ஸ் தரப்பு எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டுமா?

எஃப்.ஐ.ஆர். அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டம் 279 (கவனக்குறைவாக வண்டி ஓட்டுதல்), 338 (அதனால் கொடுங்காயம்) பிரிவுகளில் போட்டார்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடக்கும் விபத்துகளுக்கு இவை பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 125(பி) என்று மாறிவிட்டன.

ஆஸ்பத்திரி வாசலிலேயே புரோக்கர்கள் வந்துவிட்டார்கள். "நல்ல வக்கீல் இருக்கார், ஒரு பைசா முன்பணம் வேண்டாம், வர்றதுல இவ்வளவு பர்சன்ட்." அக்கா மயக்கம் தெளிவதற்குள் வெற்று வக்காலத்தில் கையெழுத்துக் கேட்டவரும் உண்டு. நாங்கள் தெரிந்தவர் மூலமாக வேறு வக்கீலைப் பிடித்தோம். அவர் முதலில் கேட்டது ஆஸ்பத்திரி பில் இல்லை. "ஸ்பாட் போட்டோ இருக்கா?"

இருந்தது. எதிரே டீக்கடை வைத்திருப்பவர் அன்றிரவே போனில் எடுத்து வைத்திருந்தார். அக்காவின் ஒரு செருப்பு, மதிய சாப்பாட்டுப் பை, வண்டியின் உடைந்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணில் கிடந்தன. மழை பெய்த ஈரத்தில் டயர் தடம் கோட்டைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கி, மறுபடி தார்ச்சாலை ஏறியிருந்தது. போலீஸ் வரைந்த மாதிரி வரைபடத்திலும் சம்பவ இடம் மண் தரை என்றே குறித்திருந்தார்கள். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையில் முன்பக்க இடது ஹெட்லைட்டும் இடது சைடு மிரரும் உடைந்ததாக இருந்தது. பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவைக் கேட்கப் போனபோது அது அழிந்துவிட்டிருந்தது. பழையதன் மேல் புதியது தானாகப் பதிந்துகொண்டே போகும், அதனால் முதல் வாரத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

சட்டம் பற்றி வக்கீல் சொன்னதில் என் மண்டையில் ஏறியதைச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும். போலீஸும் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் இந்த மனுவை விசாரிக்கும் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், நாமே மனுப் போடுவோம் என்றார். யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், மரணத்துக்கு 5 லட்சம் வாங்க 164-வது பிரிவு வழி செய்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் தப்பை நிரூபித்துக் கூடுதலாகக் கேட்கும் 166-வது பிரிவு மனு அதோடு முடிந்துவிடும். அடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம், அவ்வளவுதான். எங்களுக்கு வண்டியும் கிடைத்தது, இன்சூரன்ஸும் நடப்பில் இருந்தது. டிரைவர், உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி என்று மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து 166-இல் போட்டோம். டிரைவர் கவனக்குறைவாக ஓட்டியது நிரூபணமானால், அவரை வேலைக்கு வைத்த உரிமையாளரும் பொறுப்பு, அவருக்காக இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். முதல் இரண்டு பேரும் கோர்ட்டுக்கு வரவே இல்லை.

சாலையையும் சேர்க்க வேண்டாமா என்று நான் கேட்டேன். விளக்கு எரியவில்லை, நடக்க இடமில்லை. அதே சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு 2019-இல் வந்தது. சாலையைத் தரமாக வடிவமைக்காத, பராமரிக்காத அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் வரை அபராதம். மரணமோ ஊனமோ நேர்ந்தால்தான் பொருந்தும். "அது தனிச் சண்டை. இதில் இழுத்தால் இந்த மனு இன்னும் மூன்று வருஷம் நகராது" என்றார் வக்கீல். நியாயமான யோசனைதான், எனக்கு ஆறவில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் செத்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அத்தனை பேரும் குறுக்கே ஓடியவர்களா? கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில்தான், நல்ல நடைபாதை வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் நீதிமன்றம் சொன்னது.

குறுக்கு விசாரணை நாளில் அக்காவை வாக்கருடன் கூண்டில் ஏற்றினோம். "நடைபாதை இல்லாத இடத்தில் வண்டியை எதிர்பார்த்து வலப்பக்கம்தானே நடக்க வேண்டும்? நீங்கள் ஏன் இடப்பக்கம் போனீர்கள்?" என்று கேட்டார் இன்சூரன்ஸ் வக்கீல். "அந்தப் பக்கம் போகணும்னா ரோட்டைத் தாண்டணுங்களே சார், அதுக்குப் பயந்துதான் இந்தப் பக்கம் வந்தேன்" என்றார் அக்கா. அந்த வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தூக்கி எறியப்பட்டுத்தான் மண்ணில் விழுந்தார் என்ற வாதத்துக்கு டயர் தடமும் கண்ணாடித் துண்டுகளும் பதில் சொல்லின. டிரைவர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தார். அதன் நகலையும் வாங்கி வைத்தோம். அது மட்டுமே தீர்ப்பைக் கட்டுப்படுத்தாது, பலம் சேர்க்கும். கிரிமினல் வழக்கைப் போலச் சந்தேகமற நிரூபிக்கும் அவசியம் இந்தத் தீர்ப்பாயத்தில் இல்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

நடுவில் சமரசமாக வழக்கை முடிக்கும் லோக் அதாலத்துக்கு அழைத்தார்கள். பாதிப் பொறுப்பைக் கழித்து ஒரு தொகை சொன்னார்கள். அங்கே ஒப்புக்கொண்டால் அப்பீல் கிடையாது, பணம் சீக்கிரம் வரும். மாமாவுக்குச் சம்மதம்தான். அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

பணக் கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மெடிக்கல் போர்டு காலுக்கு 40 சதவீத ஊனம் என்று கொடுத்தது. அது காலின் கணக்கு. பிழைப்பு எவ்வளவு போச்சு என்பதே முக்கியம் என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிதி மெஷின் தைப்பவருக்குக் கால் என்றால் என்ன என்று எங்கள் வக்கீல் விளக்கினார். தீர்ப்பாயம் சம்பாதிக்கும் திறனில் 25 சதவீத இழப்பு என்று எடுத்துக்கொண்டது. வருமானத்துக்குச் சான்று ஏது? அளவு நோட்டும் மகளிர் குழுக் கடன் பாஸ்புக்கும்தான். மாதம் 12,000 என்று வைத்து, எதிர்கால உயர்வுக்குக் கால் பங்கு சேர்த்து 15,000. அக்காவுக்கு அப்போது 47 வயது, ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்று வயதை வைத்துச் சொல்லும் பெருக்குத்தொகை அந்த வயதுக்கு 13. ஆக 15,000-ஐ 12-ஆல், பிறகு 13-ஆல் பெருக்கி, அதில் 25 சதவீதம்: 5,85,000 ரூபாய். வலி வேதனை, மருத்துவச் செலவு, ராடை எடுக்கும் ஆபரேஷன், உதவிக்கு ஆள் வைத்தது எல்லாம் தனி. மனுப் போட்ட நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டி. அக்கா மேல் பொறுப்பு எதையும் வைக்கவில்லை, ஆகவே கழிவும் இல்லை.

தீர்ப்பு வந்ததும் பணம் வந்துவிடாது. கம்பெனி தீர்ப்பாயத்தின் கணக்கில் கட்ட வேண்டும், அப்புறம் நாம் பணம் பெறத் தனி மனுப் போட வேண்டும். ஒரு பகுதியைக் கையில் கொடுத்து, மீதியை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொன்னார்கள். வங்கிக் கணக்கில் இருந்த இனிஷியலும் ஆதாரில் இருந்த இனிஷியலும் ஒத்துப்போகாததால் அதற்கு வேறு ஒரு அலைச்சல். மனுப் போடுவதற்கு முன்பே அதைச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.