கறுப்பு பனியனைத் தூக்கிக்கொண்டு டிடிஜி மெஷின் தேடிய கதை

திருப்பூரில் எங்களுடையது சின்ன ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை. 500 பீஸ், 1000 பீஸ் ஆர்டர் என்றால் இன்றைக்கும் ஸ்க்ரீன்தான் கட்டுப்படியாகும். சிக்கல் சின்ன ஆர்டரில். ஆறு கலர் டிசைனில் 15 பீஸ் கேட்டு வருவார்கள். கலருக்கு ஒரு பிலிம், ஒரு ஸ்க்ரீன், அதற்குக் கோட்டிங், எக்ஸ்போசிங் என்று ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அந்தக் கூலியை 15 பீஸ் தலையில் கட்டினால் யார் வாங்குவார்கள்? அப்படிப் பல ஆர்டர்களைத் திருப்பி அனுப்பிய பிறகுதான், துணி மேலேயே இங்க்ஜெட்டில் அடிக்கிற டிடிஜி மெஷின் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் போன இடத்தில் வெள்ளை டி-ஷர்ட்டில் ஒரு கிளி படம் அடித்துக் காட்டினார்கள். கண்ணைப் பறித்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது: வெள்ளைத் துணியில் எந்த மெஷினும் நன்றாகத்தான் அடிக்கும். எங்களுக்கு வருகிற ஆர்டரில் பாதிக்கு மேல் கறுப்பும் நேவியும்.

கறுப்புத் துணியில் முதலில் வெள்ளை மையை அடித்தளமாகப் போட்டு, அதன் மேல்தான் கலர் அடிக்க முடியும். இந்த வெள்ளை மைதான் டிடிஜியின் உயிர்நாடி, தலைவலியும் அதுவே. வெள்ளைக்கு நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. மற்ற நிறமிகளைவிடக் கனமானது. மை அசையாமல் நின்றால் அடியில் படிந்துவிடும். படிந்தால், மையைத் துணியில் பீச்சுகிற ஹெட்டில் இருக்கிற மயிரிழை ஓட்டைகள் அடைபடும். அதனால் மெஷினுக்குள் வெள்ளை மை தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்க ஆரம்பித்தேன். வேகம், ரெசல்யூஷன் எல்லாம் அதற்கு அப்புறம்.

அடுத்த டெமோவுக்கு எங்கள் பனியன்களையே பையில் போட்டு எடுத்துப் போனேன். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணியில், என்சைம் போட்டு மேல் பஞ்சை நீக்குகிற பயோ வாஷ் செய்தது, செய்யாதது, பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த ஒரு சிவப்புப் பாலிகாட்டன். இதைச் செய்யாமல் யாரும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பயோ வாஷ் துணியில் பிரிண்ட் வழவழப்பாக உட்கார்ந்தது. மற்றதில் பஞ்சு எழும்பி, வெள்ளைக்கு நடுவே கறுப்பு நூல் தெரிந்தது. ஒரு கறுப்பு பனியனில் மட்டும் வெள்ளை திட்டுத் திட்டாக வந்தது. மெஷின் கோளாறு என்றே நினைத்தேன். எங்களுக்குத் துணி கொடுக்கிற சாயப்பட்டறை அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல சிலிக்கான் சாஃப்ட்னர் போட்டிருக்குதுங்க, தண்ணி ஊத்திப் பாருங்க” என்றார். ஊற்றினேன். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த மாதிரி சொட்டு உருண்டு நின்றது. கறுப்புத் துணிக்கு முதலில் ஸ்ப்ரே செய்கிற ப்ரீட்ரீட்மென்ட் திரவத்தில் உள்ள உப்புதான் வெள்ளை மையைத் துணிக்குள் இறங்க விடாமல் மேலேயே உறைய வைக்கிறது. அந்தத் திரவமே துணியில் சமமாக ஊறவில்லை என்றால் மெஷின் என்ன செய்யும்? அன்றிலிருந்து டிடிஜிக்குப் போகிற துணிக்குச் சிலிக்கான் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சிவப்புப் பாலிகாட்டனில் அடித்த வெள்ளை, மறுநாள் ரோஸ் ஆகியிருந்தது. அடித்த மையைத் துணியில் இறுக வைக்கிற ஹீட் பிரஸ் சூட்டில் பாலியஸ்டரில் ஏற்றிய சாயம் ஆவியாகி மைக்குள் ஏறிவிடுகிறது. டிடிஜி பருத்திக்கான வேலை என்பதை அப்போது முடிவு செய்துகொண்டேன்.

சேம்பிள்களை வீட்டில் 20 தடவை துவைத்துப் பார்த்தோம். பாதியை மெஷினில், பாதியை அம்மா கல்லில். அவசரமாக அரை நிமிடத்தில் பிரஸ்ஸிலிருந்து எடுத்த பீஸ் ஐந்தாவது துவைப்பிலேயே வெடித்தது. அதே டிசைனை 160 டிகிரிக்கு மேல் வைத்து, போதிய நேரம் விட்டு எடுத்தது கல்லடியையும் தாங்கியது.

நடுவில் ஒரு சபலம் வந்தது. சாதாரண பேப்பர் பிரிண்டரைப் பிரித்துத் துணிக்கு ஏற்றபடி மாற்றிய மெஷின், மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. அதை வைத்திருந்த ஒருவரின் பட்டறைக்கே போய்ப் பார்த்தேன். மை சுற்றுவதற்கு வழியே இல்லை. ஒரு வருஷத்துக்குள் மூன்று ஹெட் மாற்றியதாகச் சொன்னார். சரி, வேண்டாம் என்று விட்டேன். எப்சன், பிரதர் போல டிடிஜிக்கென்றே செய்த மெஷின்களை மட்டும் பார்ப்பது என்று முடிவானது. ப்ரீட்ரீட்மென்டையும் தானே அடிக்கிற கார்னிட் மாதிரி பெரிய மெஷின்கள் ஏற்றுமதிக் கம்பெனிகளின் கணக்கு, நமக்கு எட்டாது.

டிடிஎஃப் வாங்கலாமே என்று பலரும் கேட்டார்கள். பிலிமில் அடித்துப் பவுடர் தூவி ஒட்டுவதால் எந்தத் துணிக்கும் ஆகும், ப்ரீட்ரீட்மென்டும் வேண்டாம். ஆனால் நெஞ்சு முழுக்க ஒரு டிசைனை ஒட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் நடந்து பார்த்தேன். உள்ளே வியர்வை கட்டிவிட்டது. சின்ன லோகோவுக்கும் பாலியஸ்டருக்கும் டிடிஎஃப் வெளியே ஜாப் ஒர்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் மெஷின் விற்கிற மூன்று டீலர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “தீபாவளிக்கு ஊரே ஒரு வாரம் லீவு. மெஷின் என்ன ஆகும்?” ஒருவர் பேச்சை மாற்றினார். இன்னொருவர் ஒன்றும் ஆகாது என்றார். மூன்றாவது இடத்தில் டெக்னீஷியன் தம்பி, “அணைச்சு வெச்சுட்டுப் போனா ஹெட் போயிருங்ண்ணா. கரண்டை ஆஃப் பண்ணாதீங்க, தினமும் ஒருத்தர் வந்து பார்த்தே ஆகணும். ரூம்ல ஈரப்பதமும் குறையக் கூடாது” என்றார். ஹெட் விலையையும் மறைக்காமல் சொன்னார். அவர்களிடம்தான் வாங்கினேன். பங்குனியில் எங்கள் அறையின் ஈரப்பத மீட்டர் 28 காட்டியபோது, அவர் சொல்லி வாங்கிய ஹியூமிடிஃபயர்தான் கைகொடுத்தது.

போன தீபாவளிக்கு ஆட்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஏழு நாளும் காலையில் நானே ஷட்டரைத் தூக்கி, வெள்ளை மையைக் குலுக்கி, ஹெட்டைத் துடைத்து, ஓட்டைகள் எதுவும் அடைபடவில்லையா என்று காட்டுகிற நாசில் செக் கோடுகளைப் பிலிமில் அடித்துப் பார்த்தேன். எட்டாம் நாள் 12 கறுப்பு பனியன் ஆர்டர் வந்தது. ஒரு கோடுகூட விடாமல் அடித்தது.