சவுண்டிங் வரும் வரை

"ஸ்டார்போர்டு டேங்க்கை நிரப்பட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சார்." அடிபட்ட எண்ணெய்க் கப்பலிலிருந்து சீஃப் ஆபீசர் கேட்டது இவ்வளவுதான். ஸ்டார்போர்டு என்றால் கப்பலின் வலப்பக்கம்.

"எல்லா டேங்க் சவுண்டிங்கும் வரட்டும் சார். அதுவரைக்கும் எதையும் நிரப்பாதீங்க" என்றேன். சவுண்டிங் என்றால் ஒவ்வொரு டேங்க்கிலும் எவ்வளவு நிற்கிறது என்று அளந்த அளவு.

5,000 டன்னும் அதற்கு மேலும் ஏற்றும் எண்ணெய்க் கப்பல் அடிபட்டால், அதன் நிலைத்தன்மையைக் கரையிலிருந்து உடனே கணக்கிட்டுச் சொல்ல ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்போலின் விதி. அன்று இரவு அந்த ஏற்பாடு, காட்பாடியில் வீட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்த நான். போர்ட் பக்க, அதாவது இடப்பக்க, பேலஸ்ட் டேங்க்கில் (கப்பலைச் சமன்செய்யக் கடல்நீர் ஏற்றும் டேங்க்) ஓட்டை. சரக்கு பாதி இறங்கியிருந்தது. கப்பல் போர்ட் பக்கம் சாய்ந்து நின்றது.

ஒரு பக்கம் தண்ணீர் ஏறியதால் மட்டும் வந்த சாய்வென்றால், எதிர்ப்பக்கம் நிரப்பினால் நிமிர்ந்துவிடும். அவர் அனுபவம் அதைத்தான் சொன்னது. ஆனால் பாதி நிரம்பிய டேங்க்குகளில் எண்ணெய் இங்குமங்கும் ஓடும்போது, சாய்ந்த கப்பல் தானாக நிமிரும் திறனைக் காட்டும் அளவான ஜி.எம். குறையும். டேங்க்கின் அகலம் இரண்டு மடங்கானால் அந்தக் குறைவு எட்டு மடங்காகும். ஜி.எம். சுழியத்துக்குக் கீழே போயிருந்தால், நேராக நிற்க முடியாமலேதான் கப்பல் ஒரு பக்கம் படுத்திருக்கும். அப்போது உயர்ந்த பக்கத்தை நிரப்பினால், நடுவைத் தாண்டி மறுபக்கம் படாரென்று விழும். அந்த வேகத்தில் கவிழவும் கூடும். தாழ்ந்த பக்கத்து அடி டேங்க்கைத்தான் முதலில் நிரப்ப வேண்டும். கண்ணுக்கு இரண்டு சாய்வும் ஒன்றுபோலவே தெரியும். இதைத் தெரிந்துகொண்டு எப்படி 'நிரப்புங்க' என்பது?

"சாய்வு ஒரே சீரா ஏறுச்சு சார். மறுபக்கம் ஒரு தடவகூடப் போகல" என்றும் அவர் சொன்னார். நல்ல அறிகுறிதான், போதுமான சான்று இல்லை. அப்படித்தான் அன்று நினைத்தேன், இன்றும் ஏறக்குறைய அப்படித்தான். டெக்கில் ஆட்கள் லைஃப் ஜாக்கெட்டோடு நின்றார்கள். இருட்டில் ஒவ்வொரு டேங்க்காக அளக்கப் போனவர்களும் அவர்களில் சிலர்தான்.

"உங்களுக்கு அங்க தரை ஆடல சார்" என்றார். குரலில் கோபம் இல்லை.

அளவுகள் வந்தன. ஜி.எம். நேர்மறை. விதி அனுமதிக்கும் 25 டிகிரிக்கு வெகு கீழே சாய்வு. அவர் கேட்ட டேங்க்கையே நிரப்பச் சொன்னேன், நிமிர்ந்தது. அதாவது, அவர் கேட்டபோதே நிரப்பியிருக்கலாம்.

எண்களை மட்டும்தான் நாம் சொல்கிறோம், முடிவு கேப்டனுடையது என்று எங்கள் வேலையில் அடிக்கடி சொல்வோம். நானும் நம்பிச் சொன்னவன்தான். ஆனால் சவுண்டிங் வரும் வரை என்னிடம் எந்த எண்ணும் இல்லை. 'நிரப்பாதீங்க' என்பது எண் அல்ல, கட்டளை. கவிழ்வதைவிடக் காத்திருப்பது மேல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காத்திருந்தது நான் அல்லவே.

அடுத்த முறையும் சவுண்டிங்தான் கேட்பேன் என்று நினைக்கிறேன். எந்த டேங்க்கை முதலில் அளப்பது என்று வரிசை சொல்லியாவது கேட்கலாம்.

பிறகு அவரிடமிருந்து மெயில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார். காக்க வைத்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியிருந்தால், பதிலாவது சொல்லியிருப்பேன்.