கொம்பை மட்டும் விட்டுட்டாரு

நேத்து பாலக்கோடு மண்டியில தக்காளி போன விலை, பறிக்கிற கூலிக்கே கட்டல. பாதிப் பெட்டியை ஏரிக்கரையில கொட்டிட்டு வந்த அப்பா, ரெண்டு உருண்டை ராகிக் களியை முழுங்கிட்டு பேசாம படுத்துட்டாரு.

நானோ, பரீட்சையில ரெண்டாவது தடவை போச்சுன்னு 3 நாளா ரூமை விட்டு வெளிய வரல. (எனக்கு அந்த ரூமே இழவு வீடுதான்!)

இன்னிக்கு விடியக்காலைல பார்த்தா, தக்காளிச் செடியை எல்லாம் பிடுங்கிட்டு இருக்காரு. ஊன்றுகொம்பும் கம்பியும் மட்டும் அப்படியே நிக்குது.

"இதுல பீர்க்கங்கொடி ஏத்தலாம்டா. 2 மாசத்துல காய்க்கும்."

"அதுக்கும் விலை இல்லன்னா?"

"கொம்பு இருக்குமில்ல? வா, அந்தப் பக்கம் பிடுங்கு."

போனேன். கையில ஏறுன பச்சைக் கறை 2 தடவை சோப்பு போட்டும் போகல.